ஷாஜியா பிடித்த முழங்கை

பாலக்கரையில் எங்கள் சந்துக்கு அலாரம் தேவையில்லை. ஜஹானாரா வீட்டில் இடியாப்பம் பிழிய ஆரம்பித்தால் அந்த மர அச்சு கிறீச் கிறீச்சென்று முனகுவது நடுச்சுவரைத் தாண்டி எனக்குக் கேட்கும். நான் எழுந்து பால் காய்ச்சுவேன். எங்கள் வீட்டுக்காரர் அமிர்தசாமி போர்வையை இன்னும் கொஞ்சம் இழுத்துக்கொள்வார். ரிட்டயர் ஆன மனுஷன், அவருக்கென்ன.

அன்றைக்கு அந்தச் சத்தம் பாதியில் நின்றது. பின்னாலேயே எவர்சில்வர் தட்டு விழுந்து உருண்டது. அதற்கப்புறம் ஒன்றுமே கேட்கவில்லை. எனக்குக் கால் நிற்கவில்லை, போய்விட்டேன்.

அடுப்படியில் ஆவி நிறைந்திருந்தது. ஜஹானாரா தரையில் உட்கார்ந்து வலது கையை மடியில் போட்டு, அது வேறு யாருடைய கையோ என்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிழிந்த மாவு தரையில் கிடந்தது. அவள் புருஷன் ஹனீஃபா வாசற்படியில் பல்குச்சியோடு நின்று என்னிடம் கண்ணாலேயே ‘நீங்களே கேளுங்க’ என்றார்.

“என்னடி ஆச்சு?”

“பிடிக்குதுக்கா.”

“வாயுவா இருக்கும். பூண்டு போட்டு…”

“வாயு இல்லக்கா. அவதான். ஷாஜியா. பிடிச்ச பிடியை விடமாட்டேங்கிறா.”

ஷாஜியா செத்துப்போனவள். பின் தெருவில் செருப்புக்கடை வைத்திருக்கும் அப்துல் அஹதின் பெண்சாதி. ஐப்பசி மழையில் காய்ச்சல் வந்து, ஆஸ்பத்திரியில் சேர்த்து, திரும்பி வரும்போது மையத்தாகத்தான் வந்தாள். சின்ன வயசு. ஜஹானாராதான் அவளைக் குளிப்பாட்டினாள்.

அது அவளுக்குத் தொழில் இல்லை. யாரும் அதற்குக் கூலி கேட்கவும் மாட்டார்கள், கொடுக்கவும் மாட்டார்கள். அந்தப் பக்கத்தில் பெண்கள் யார் மவுத்தானாலும் ஜஹானாராவைக் கூப்பிடுவார்கள். இலந்தை இலை போட்டுக் காய்ச்சிய தண்ணீர், சூடம், வெள்ளைத் துணி. சுற்றிலும் திரை கட்டி, கையில் துணியைச் சுற்றிக்கொண்டு, மேலே போர்த்தியது விலகாமல் கழுவ வேண்டும். முதலில் வலப்பக்கம், பிறகு இடப்பக்கம். அவள் கை பட்டால் மையத்துக்கு நோகாது என்பார்கள். நோகுமா என்று நான் கேட்டிருக்கிறேன். “உசுரு இருந்தப்ப எப்படிப் பிடிப்போமோ அப்படித்தான் பிடிக்கணும்க்கா” என்பாள்.

ஷாஜியாவைப் புரட்டும்போது அவள் கை வழுக்கி விழுந்து, விரல்கள் ஜஹானாராவின் முழங்கையில் வந்து மாட்டிக்கொண்டனவாம். எடுத்துவிட்டுத்தான் மிச்சத்தைக் கழுவினாளாம். அன்றிலிருந்து அதே இடத்தில் வலி. டம்ளரைத் தூக்கினால் வலி, ஈரத் துணியைப் பிழிந்தால் வலி, கதவுத் தாழ்ப்பாளைத் திருகினால் உயிர் போகிறது. அதற்கப்புறம் இரண்டு வீட்டிலிருந்து குளிப்பாட்டக் கூப்பிட்டும் அவள் போகவில்லை.

எனக்குப் பேய் பிசாசில் எல்லாம் நம்பிக்கை கிடையாது. வேளாங்கண்ணி எண்ணெய் பாட்டில் ஃபிரிட்ஜ் மேல் இருக்கிறது, அது வேறு விஷயம்.

“எலும்பு, சதை, நரம்பு, இதுல ஏதோ ஒண்ணு கெட்டுப்போச்சு. டாக்டர்கிட்ட போடின்னா தர்காவுக்குப் போய் தாயத்து கட்டிட்டு வந்திருக்க.”

“தாயத்து கட்டினா வலி குறையுதேக்கா! அவுத்தா திரும்ப வந்துடுது. இன்னைக்குப் பாருங்க, அவுத்து வச்சுட்டுப் பிழிஞ்சேன், பிடிச்சுட்டா. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?”

பார்த்தேன். அவிழ்த்து வைத்திருந்த கறுப்புக் கயிற்றை எடுத்து, முழங்கைக்குக் கொஞ்சம் கீழே பட்டையாகப் பல சுற்றுச் சுற்றி, சதை பிதுங்கும்படி இறுக்கிக் கட்டிக்கொண்டாள். அதைக் கட்டிக்கொண்டால் அவளால் இடியாப்பம் பிழிய முடிகிறது என்பது எனக்கும் தெரியும். எரிச்சல்தான் வந்தது.

என் அண்ணன் மகள் லிசி மன்னார்புரத்தில் பிசியோதெரபி கிளினிக் வைத்திருக்கிறாள். மறுநாளே ஜஹானாராவை இழுத்துக்கொண்டு பஸ் ஏறினேன். வெயில் அதற்குள் கொளுத்த ஆரம்பித்திருந்தது. ஜன்னல் கம்பியில் கை வைத்தால் சுட்டது.

கிளினிக் பெஞ்சில் ஸ்ரீரங்கத்துப் பெரியவர் ஒருவர் திருமண் இட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கோயில் மடைப்பள்ளியில் கைங்கர்யமாம். அண்டாவில் கிளறிக் கிளறி தோள்பட்டை போய்விட்டதாம்.

“எல்லாம் பெருமாள் சங்கல்பம். அடியேன் பூர்வத்துல என்ன அபசாரம் பண்ணினேனோ,” என்றார் ஜஹானாராவைப் பார்த்து.

ஜஹானாரா ஆமாம் என்று தலையாட்டினாள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

உள்ளேயிருந்து லிசி குரல் கொடுத்தாள்: “அபசாரம் இருக்கட்டும் சுவாமி, நேத்து எக்சர்சைஸ் பண்ணீங்களா?”

“உத்ஸவம் நடந்துண்டு இருக்கும்மா…”

“பண்ணலை. சரி, உள்ள வாங்க.”

எங்கள் முறை வந்தபோது லிசி ஜஹானாராவின் கையை நீட்டச் சொன்னாள். உள்ளங்கை தரையைப் பார்க்க, நடுவிரலை மட்டும் தூக்கச் சொல்லி, அதைத் தன் ஒற்றை விரலால் லேசாக அழுத்தினாள். ஜஹானாரா “யா அல்லாஹ்” என்று துள்ளிவிட்டாள். விரலைத்தான் அழுத்தினாள், வலித்தது முழங்கை. முழங்கையின் வெளிப்பக்கத்தில் துருத்திக்கொண்டிருக்கும் எலும்புமேல் லிசி கட்டைவிரலை வைத்தாள்.

“இங்கதானே ஆன்ட்டி?”

“அங்கதாம்மா. அங்கதான் அவ…” என்று நிறுத்திக்கொண்டாள்.

“மணிக்கட்டைத் தூக்கிப் பிடிக்கிற சதை எல்லாம் இந்த எலும்புல வந்துதான் ஒட்டியிருக்கு. நீங்க எதையாவது இறுக்கிப் பிடிக்கிறப்பல்லாம் இங்க இழுக்கும். ஒரேயடியா இழுத்துக்கிட்டே இருந்தா, ஒட்டுற இடம் நைஞ்சு போகும். ஆறுறதுக்குள்ள திரும்ப இழுப்பீங்க. எலும்பு தேயலை, ஒண்ணும் முறியலை. என்ன வேலை பாக்கறீங்க?”

“வீட்டு வேலைதான்.”

“பொய்,” என்றேன் நான். “தினம் அரைச் சந்துக்கு இடியாப்பம் பிழியறா. போன நோன்புல ஊருக்கே பிழிஞ்சா.”

லிசி சிரித்துவிட்டாள். “அப்ப கேட்கவே வேணாம். இதுக்கு வேற எதுவும் பண்ணீங்களா?”

“ஒருத்தர் எண்ணெய் போட்டு நீவி விட்டாரு. வீங்கிப்போச்சு. அப்புறம் கையை அசைக்காம தொட்டில் கட்டி வச்சிருந்தேன்.”

“நீவுறதும் வேணாம், தொட்டிலும் வேணாம். சும்மாவே வச்சிருந்தா சதை இன்னும் வீக்காயிடும். கொஞ்சம் கொஞ்சமா வேலை குடுத்துதான் பலப்படுத்தணும். ஆமா, இந்தக் கயித்தை யார் கட்டுனா? கரெக்டான இடத்துல கட்டியிருக்காங்களே!”

ஜஹானாரா என்னை வெற்றியோடு பார்த்தாள்.

லிசி அலமாரியிலிருந்து ஒரு கறுப்புப் பட்டையை எடுத்தாள். “நாங்களே இந்த இடத்துலதான் பெல்ட் போடுவோம். சதையை இங்க அமுக்கிப் பிடிச்சா, இழுப்பு மேல எலும்புவரைக்கும் போகாது. அதான் உங்களுக்கு வலி குறைஞ்சிருக்கு. கயிறு ரொம்ப இறுக்குது, ரத்தம் ஓடாது. இதைப் போட்டுக்கங்க.”

வெற்றி அவள் முகத்திலிருந்து வடிந்ததைப் பார்த்து எனக்குச் சந்தோஷமாக இருந்தது, மறைக்க மாட்டேன்.

கடைசியாக லிசி ஒரு வெள்ளைத் துண்டை நனைத்துச் சுருட்டி அவள் கையில் கொடுத்தாள். “மெதுவா முறுக்குங்க. அப்புறம் மெதுவா விடுங்க. தண்ணி சொட்டுனா போதும்.”

ஜஹானாரா துண்டை வாங்கினாள். பிடித்தாள். முறுக்கவில்லை, மையத்தைக் கழுவும் துணியைப் பார்ப்பதுபோல அதையே பார்த்தாள். துண்டிலிருந்து தண்ணீர் தானாகவே அவள் புடவையில் சொட்டிக்கொண்டிருந்தது. லிசி இரண்டு தடவை கூப்பிட்டாள். அப்புறம் துண்டை மெல்ல வாங்கிக்கொண்டு, தண்ணீர் பாட்டிலை வைத்து வேறு பயிற்சி சொல்லிக்கொடுத்தாள்.

வீட்டுக்கு வந்தால் வாசலில் ஜெஸிமா. எடமலைப்பட்டிப்புதூரிலிருந்து ஆட்டோ பிடித்து வந்திருந்தாள். ஜஹானாராவுக்குச் சின்னம்மா மகள். கையில் ஜரிகை போட்ட அழைப்பிதழ், முகமெல்லாம் பூரிப்பு.

“நம்ம பொண்ணு சம்ரீனுக்கு நிக்காஹ் வச்சாச்சுக்கா. பள்ளிக்கூட லீவுல. மாப்பிள்ளை உங்க பின் தெருதான், அப்துல் அஹத். ரெண்டாந்தாரம்தான், ஆனா பிள்ளைகுட்டி இல்ல, தங்கமான மனுஷன். அவ மவுத்தானப்ப எப்படி அழுதாரு! பார்த்தீங்கள்ல?”

“பார்த்தேன்,” என்றாள் ஜஹானாரா.

“காலைப் பசியாற உங்க இடியாப்பம்தான். சம்ரீன் சொல்லி அனுப்பினா, பெரியம்மா கையால பிழிஞ்சாத்தான் சாப்பிடுவேன்னு.”

ஜெஸிமா தேத்தண்ணீர் குடித்துவிட்டுப் போகும்வரை ஜஹானாரா சிரித்த முகமாகத்தான் இருந்தாள். ஆட்டோ திரும்பியதும் அடுப்படியில் போய் உட்கார்ந்துவிட்டாள். நான் பின்னாலேயே போனேன்.

“என்னடி பார்த்த நீ?”

“சொல்லக்கூடாதுக்கா. மையத்துல கண்டதை வெளியே சொல்லவே கூடாது. நாம அடுத்தவங்க குறையை மறைச்சா அல்லாஹ் நம்ம குறையை மறைப்பான். எனக்குச் சொல்லிக்குடுத்தவங்க முதல்ல சொன்னதே இதுதான்.”

“சரி, சொல்லாத.”

சும்மா இருந்தேன். இப்படிச் சும்மா இருப்பதற்கு நான் எவ்வளவு கஷ்டப்பட்டேன் என்பது அந்தச் சகாயமாதாவுக்குத்தான் தெரியும். யார் வீட்டிலோ குக்கர் விசிலடித்து ஓய்ந்தது.

“மேல்கையில அஞ்சு விரலும் பதிஞ்சிருந்துச்சுக்கா,” என்றாள் தரையைப் பார்த்தபடி. “ரெண்டு கையிலயும். முதுகுல கோடு கோடா. சிலது பச்சை, சிலது மஞ்சளாயிடுச்சு. ஒருநாள் அடிச்சதில்ல, நாள்பட அடிச்சது. காய்ச்சல்லதான் செத்தா, அது நிஜம். ஆனா அந்தக் காய்ச்சல் வராம இருந்திருந்தாலும் அவ எப்படி வாழ்ந்திருப்பான்னு என் கைக்குத் தெரிஞ்சு போச்சு. நான் துணியைப் போர்த்தி, கஃபன் துணி சுத்தி, வாசனை பூசி அனுப்பிட்டேன். அதுக்குத்தான் பிடிச்சுக்கிட்டா. ஏண்டி மறைச்சேன்னு பிடிச்சுக்கிட்டா.”

“இப்ப சம்ரீன் அந்த வீட்டுக்குப் போகப் போறா.”

“தெரியும்.”

“ஜெஸிமாகிட்ட சொல்லு.”

“மையத்தைக் காட்டிக்குடுக்கச் சொல்றீங்களா?” கண்ணைத் துடைத்துக்கொண்டு கை பெல்ட்டைத் தடவினாள். “ஒண்ணு செய்யறேன்கா. லிசி சொன்னதையெல்லாம் செய்யறேன். கை சரியாச்சுன்னா அவ என்னை மன்னிச்சு விட்டுட்டான்னு அர்த்தம். அப்ப நான் சொல்ல வேண்டியதில்ல. சரியாகலைன்னா சொல்லிடறேன்.”

எவ்வளவு சாமர்த்தியமாக அவளை வைத்தியத்துக்கு இழுத்துப்போனேன்! இப்போது அந்த வைத்தியம் பலித்தால் சம்ரீன் மாட்டிக்கொள்வாள். நான் போய்ச் சொல்லலாமே என்று ராத்திரியெல்லாம் புரண்டேன். என்னவென்று சொல்வது? வேற்று ஆள், வேற்று வேதக்காரி, கண்ணால் பார்க்காதவள், கல்யாணத்தைக் கலைக்க வந்தாள் என்பார்கள். ஒரே நாளில் பேச்சு முடிந்துவிடும். பார்த்தவள் சொன்னால்தான் எடுபடும்.

அடுத்த வாரங்கள் இப்படித்தான் போயின. காலையில் ஹனீஃபா இடியாப்பம் பிழிந்தார். குவைத்தில் கிரேன் ஓட்டிய மனுஷன், அச்சை அமுக்கத் தெரியாமல் மாவைக் கட்டி கட்டியாகத் தள்ளினார். சந்துக்காரர்கள் வாங்கித் தின்றுவிட்டு, “பாய், இது கொழுக்கட்டையா?” என்று கேட்டார்கள். ஜஹானாரா மேஜை ஓரத்தில் முன்கையைப் படுக்கப் போட்டு, தண்ணீர் பாட்டிலைப் பிடித்து, இடது கையால் தாங்கித் தூக்கி, வலது மணிக்கட்டை மட்டும் மெதுவாக இறக்குவாள். லிசி சொன்னது அதுதான்: தூக்குவது பெரிதில்லை, இறக்குவதுதான் மருந்து. கொஞ்சம் வலித்தால் பரவாயில்லை, மறுநாளும் வலித்தால் தண்ணீரைக் குறைத்துக்கொள்ள வேண்டும். வாரத்துக்கு வாரம் பாட்டிலில் தண்ணீர் ஏறியது. வெயிலும் ஏறியது. மத்தியானம் சந்தில் நாய்கூட நடக்காது.

அவள் டம்ளரைத் தூக்கினாள். துணி பிழிந்தாள். கதவுத் தாழ்ப்பாளைத் திருகினாள். ஒவ்வொன்றுக்கும் என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். “நல்லாருக்குடி” என்று சொல்வேன். வீட்டுக்குள் வந்ததும் நிக்காஹுக்கு இன்னும் எத்தனை நாள் என்று காலண்டரில் எண்ணுவேன். ஒருநாள் ஜெபமாலை உருட்டும்போது, ‘மாதாவே, அந்தக் கை திரும்ப வலிக்கட்டும்’ என்று வாய் முணுமுணுத்துவிட்டது. அமிர்தசாமி திரும்பிப் பார்த்தார். நான் இருமினேன்.

நிக்காஹுக்கு முந்தின வாரம் லிசியிடம் கடைசித் தடவையாகப் போனோம். லிசி ஒரு மர நாற்காலியைக் காட்டி, உள்ளங்கையைக் கவிழ்த்து அதன் முதுகுச்சட்டத்தைப் பிடித்துத் தூக்கச் சொன்னாள். முதல் நாள் அதை அசைக்கக்கூட முடியாதவள், இப்போது தூக்கிக் காட்டினாள்.

“சூப்பர் ஆன்ட்டி! இனிமே வர வேணாம். அச்சை மட்டும் மாத்துங்க. அந்தக் கட்டை அச்சு வேணாம்.”

ஜஹானாராவின் முகம் மலர்ந்துபோயிற்று. “விட்டுட்டா,” என்றாள். “அல்ஹம்துலில்லாஹ். விட்டுட்டாக்கா.”

“யாரு?” என்றாள் லிசி.

ஜஹானாரா சொன்னாள். கழுவியதைப் பற்றி, கை வந்து மாட்டியதைப் பற்றி. பார்த்ததைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. லிசி சிரிக்கவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

“ஆன்ட்டி, அந்தக் கட்டை அச்சு எப்ப வாங்குனீங்க?”

“பழசு விரிஞ்சு போச்சுன்னு புரட்டாசி கடைசியில. புதுசு, ரொம்ப டைட்டா இருந்துச்சு.”

“அதுக்கப்புறம் கை எப்படி இருந்துச்சு? அந்தப் பொண்ணு இறக்கறதுக்கு முன்னாடி?”

“அதெல்லாம் நல்லா…” ஜஹானாரா நிறுத்தினாள். நெற்றியைச் சுருக்கினாள். “இல்ல. அன்னைக்குக் கூப்பிட வந்தப்ப… தைலம் தடவிக்கிட்டு இருந்தேன். மையத்துகிட்ட தைலவாடையோட போகக் கூடாதேன்னு சோப்பு போட்டுக் கழுவிட்டுப் போனேன்.”

“எங்க தடவிக்கிட்டு இருந்தீங்க?”

அவள் முழங்கையைத் தொட்டாள்.

“அப்ப வலி முன்னாடியே வந்தாச்சு. அந்தப் பொண்ணு கை அதே இடத்துல பட்டதால உங்களுக்கு அப்படித் தோணியிருக்கு. இறந்தவங்க கைக்குப் பிடிக்கிற பலம் ஏது ஆன்ட்டி? அது இடியாப்பம்தான்.”

ஜஹானாரா பெல்ட்டை அவிழ்த்து மடியில் வைத்தாள். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

“அப்ப அவ என்னைப் பிடிக்கவே இல்ல.”

“இல்ல.”

“அப்ப விடவும் இல்ல,” என்றாள் ஜஹானாரா. “அவ என்னை மன்னிக்கவும் இல்ல, கோவிச்சுக்கவும் இல்ல. அவளால ஒண்ணும் முடியாது. அவ போயிட்டா.”

லிசிக்கு ஒன்றும் புரியவில்லை. எனக்குப் புரிந்தது. வெளியே வந்ததும் ஜஹானாரா பாலக்கரை பஸ்ஸைப் பார்க்கவில்லை. முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, “எடமலைப்பட்டிப்புதூர் பஸ் எங்கக்கா நிக்கும்?” என்று கேட்டாள். வழியெல்லாம் அவள் உதடு ஏதோ ஓதிக்கொண்டிருந்தது.

ஜெஸிமா வீட்டுக் கூடத்தில் துணிமணி பரப்பிக் கிடந்தது. ஜெஸிமாவின் புருஷன், சம்ரீனின் அத்தா, வெளியே போயிருந்தார். சம்ரீன் மருதாணி வைக்காத வெறுங்கையோடு வந்து ஸலாம் சொன்னாள். கல்லூரி முடித்த பெண், ஒல்லி. “பெரியம்மா, கை சரியாயிடுச்சா?” என்று முதலில் அதைத்தான் கேட்டாள்.

ஜஹானாரா உட்காரவில்லை. நின்றபடியே ஜெஸிமாவிடம் சொன்னாள். சுற்றி வளைக்கவில்லை. கேட்கக் கேட்க ஜெஸிமாவின் முகம் வெளுத்தது, பிறகு சிவந்தது.

“அக்கா! மையத்துல கண்டதை வெளியே பேசலாமா? நீங்களா இப்படி?”

“மறைக்கச் சொன்னது மையத்தோட குறையை. இது அவ குறையா ஜெஸிமா? அடிச்சவன் குறையைப் போய் அவ குறைன்னு நினைச்சு மூடிட்டேன். என் புத்தி.”

“அது டெங்குக்கா! டெங்குல உடம்பெல்லாம் ரத்தம் கட்டும். டாக்டரே சொன்னாராம். பத்திரிகை குடுத்தாச்சு, மண்டபம் பேசியாச்சு, இப்ப வந்து…”

“காய்ச்சலுக்கு விரல் இருக்குமா?”

ஜெஸிமா மடித்த துணியையே மறுபடி மடித்தாள்.

ஜஹானாரா சம்ரீனின் அருகில் போனாள். “கையைக் குடும்மா,” என்று சொல்லி, அவள் மேற்கையை வலது கையால் பற்றினாள். “இப்படி. நாலு விரலு இங்க, கட்டைவிரலு உள்பக்கம். இந்தக் கையிலயும், அந்தக் கையிலயும்.” எனக்கே பயமாக இருந்தது, அவ்வளவு இறுக்கம்.

“பெரியம்மா, வலிக்குது.”

“அவளுக்கும் வலிச்சிருக்கும்மா.”

“விடுங்கக்கா அவளை!” ஜெஸிமா கத்தினாள். “நீங்க சொல்றது நெசம்னா, குளிப்பாட்டுறப்ப ஷாஜியாவைப் பெத்தவ கூடவே இருந்திருப்பாளே? தண்ணி ஊத்தினது அவதானே? அவ ஏன் ஒரு வார்த்தை சொல்லலை?”

“அவதான் முதல்ல பார்த்தா,” என்றாள் ஜஹானாரா. “பார்த்துட்டு அழலை, ஆச்சரியப்படலை. அவளுக்கு முன்னாடியே தெரிஞ்சிருக்கு. துணியை இழுத்து மூடிட்டு, என் மூஞ்சியைப் பார்த்தா.”

கையை விட்டாள். சம்ரீனின் கையில் விரல்கள் பதிந்து சிவந்திருந்தன. வெளியே ஐஸ்காரன் மணி அடித்துக்கொண்டு போனான். ஜெஸிமா மகளிடம் வந்தாள். அந்தச் சிவப்பைப் பார்த்தாள். துப்பட்டாவை இழுத்து அதன்மேல் போடப் போனாள்.

பாதியில் அவள் கை நின்றது.

“போடாதம்மா,” என்றாள் சம்ரீன். “இருக்கட்டும். அத்தா வந்து பார்க்கட்டும்.”